செட்டிநாட்டில் பெர்ஃபார்மன்ஸ் கார்: எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது?

“அண்ணே, கோல்ஃப் ஜிடிஐ ஒண்ணு எடுத்து நம்ம வீட்டு ஷெட்ல போட்ரலாம்னு இருக்கேன். அப்பச்சிதான் ‘பூட்டிக் கெடக்குற வீட்ல அம்பது லட்சத்தை நிறுத்திட்டு அங்க போயி எப்படிடா தூங்குவே’ன்னு கேக்குறாக.”

பங்காளி வீட்டுத் தம்பி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுக் கேட்டது. கோல்ஃப் ஜிடிஐ என்பது ஃபோக்ஸ்வேகனின் வேகக் கார்; அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. அங்கே கார் வாங்க வேண்டுமென்றால் முதலில் சி.ஓ.இ. என்ற பத்து வருட உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டு மட்டுமே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிய மாதங்கள் உண்டு. ஆகவே வேகக் கார் ஆசையை அவன் ஊருக்குத் திருப்பிவிட்டான். வருடத்துக்கு மூன்று நான்கு முறை வருவான். வந்தால் பத்து நாள் இருப்பான்.

அதே மாதத்தில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் கிளினிக் நடத்தும் டாக்டரம்மா பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்க ஆசைப்பட்டு மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் தேவகோட்டை நண்பர், பல்லவன் ரயிலை விட்டுவிட்டு 2017-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றைப் பழையதாக வாங்கி அதில் ஊருக்கு வர நினைக்கிறார். மூவரிடமும் பணம் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற ஒரே பயம்தான் மூவரையும் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. என்னிடம் ஃபியட்டின் அபார்த் புன்டோ ஒன்று இருந்தது. 145 குதிரைத்திறன், அந்த விலைக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு இழுப்பு வேறு எதிலும் கிடையாது. வேலை காரணமாக நான்கு மாதம் வெளியூரில் இருக்க வேண்டி வந்தபோது ஊர் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனேன். ஒரு கல்யாணத்துக்காக வந்து ஷெட்டைத் திறந்தால், கார் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. நான்கு வீலும் இல்லை, பேட்டரி இல்லை. ஷெட் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வந்தவர்கள் பின் தெருக் கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்து, உள்வாசல் வழியாக ஷெட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் முதலில் கேட்ட கேள்வி: “எந்தத் தேதியில போச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை. காப்பீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். நான்கு மாதத்தில் எந்த இரவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: போனது எவ்வளவு நேரத்தில் தெரியும்?

பூட்டு எவ்வளவு கனம், அலாரம் எவ்வளவு சத்தம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திருட்டு நடந்த பிறகு உங்களுக்கு அது தெரிய ஒரு மணி நேரமா, ஒரு நாளா, ஒரு மாதமா என்பதை நான் முதலில் கேட்பேன். ஒரு மணி நேரத்தில் தெரிந்தால் கார் மாவட்ட எல்லையைத் தாண்டுமுன் சுங்கச்சாவடிக் கேமராவைப் பார்க்கச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் காரும் இருக்காது, கேமராப் பதிவும் இருக்காது. காப்பீட்டுப் பணமும் இதே நேரக் கணக்கில்தான் நிற்கிறது.

இரண்டாவது: திருடனுக்கு அதில் என்ன லாபம்?

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் 2023-ல் வந்த காப்பீட்டு ஆய்வொன்றில், டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் கார் மற்றக் கார்களின் சராசரியைப்போல் அறுபது மடங்குக்கு மேல் திருடு போவதாகச் சொன்னார்கள். அங்கே வேகமே திருடனுக்குத் தேவை. டாட்ஜ் நிறுவனம் 2021-ல் ஒரு மென்பொருள் பூட்டை அறிவித்தது. ரகசிய எண் போடாமல் கிளப்பினால் எஞ்சின் மூன்று குதிரைத்திறனுக்குக்கூட எழும்பாது. இப்படியொன்று நம் ஊருக்கு வரும் கார்களிலெல்லாம் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

நம் நாட்டில் திருட்டுக் காருக்கு இரண்டு வழிகள். விபத்தில் நொறுங்கிய அதே மாடல் காரின் ஆர்.சி.யை வாங்கி, அதன் சேசிஸ் எண்ணைத் திருட்டுக் காரில் அடித்து விற்பது ஒன்று. துண்டு துண்டாக்கிப் பாகமாக விற்பது மற்றொன்று. மீரட்டில் சோதிகஞ்ச் சந்தை இதற்கே பேர்போனது; 2021 டிசம்பரில் மூடினார்கள். இரண்டு வழிக்கும் தெருவுக்குத் தெரு ஓடும் கார்தான் வசதி. கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் வந்தபோது முதல் தவணையில் நாடு முழுவதற்கும் 150 கார்கள். அதை முழுசாகத் திருடி எங்கே ஓட்டுவது, யாரிடம் விற்பது? ஆனால் அதன் வீல், ஹெட்லைட், சீட் இவற்றுக்கு ஆள் உண்டு. அபூர்வக் காருக்கு முழுத் திருட்டைவிடப் பாகத் திருட்டுதான் பெரிய ஆபத்து. என் அபார்த்தே சாட்சி.

மூன்றாவது: எந்த வழியாக எடுப்பார்கள்?

புஷ் ஸ்டார்ட் காரில் சாவி பையில் இருந்தால் போதும், கதவு திறக்கும். காரிலிருந்து வரும் குறுந்தூர அலையைச் சாவி கேட்டுப் பதில் சொல்கிறது. திருடர்கள் இரண்டு பேராக வந்து, ஒருவர் கார் பக்கத்திலும் ஒருவர் வீட்டு வாசலிலும் நின்று, அந்த அலையைப் பிடித்துக் கடத்தினால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் ஏமாந்துவிடும். இதுதான் ரிலே திருட்டு. சாவியை உலோக இழை வைத்த பையில் போட்டுவைத்தாலே இதைத் தடுக்கலாம். சில நூறு ரூபாய்ச் செலவு.

அடுத்தது, மெக்கானிக் கோளாறு பார்க்கப் பயன்படுத்தும் ஓ.பி.டி. துளையில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைக் காருக்குப் பழக்குவது. இன்னொன்று இன்னும் நுட்பமானது. 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா ராவ்4 திருடு போனது. கார்களின் மின்னணுப் பாதுகாப்பை ஆராய்வதே அவர் தொழில். முன் பம்பரைப் பிரித்து ஹெட்லைட் வயரைத் தொட்டு, அதன் வழியாகக் காரின் உள்வலைக்குப் பொய்க் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு கண்டுபிடித்தார். பையில் இருந்த சாவிக்கு அங்கே வேலையே இல்லை. இத்தகைய திருட்டுக்கு ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு போன்ற பழங்காலத் தடைதான் திருடனின் நேரத்தைத் தின்னும்.

நான்காவது: போனால் கைக்கு எவ்வளவு வரும்?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஷோரூம் விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம்; அது 10 லட்சம். காப்பீட்டில் எழுதும் ஐ.டி.வி. மதிப்பு ஷோரூம் விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவது. வரி அதில் சேராது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வருடம் வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. பாலிசி எழுதும்போது கார் இரண்டு வயதைத் தாண்டியிருந்து, அந்த வருடம் அது திருடு போனால், கைக்கு வருவது சுமார் 35 லட்சம். போட்டது 60. இருபத்தைந்து லட்சம் எங்கே போனது என்று யாரையும் கேட்க முடியாது.

இதை அடைக்க ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பு உண்டு. வாங்கிய விலையைத் தரும்; பல பாலிசிகளில் ஆயுள் வரியும் சேரும். முதல் சில வருடங்களுக்குத்தான் கொடுப்பார்கள். பெர்ஃபார்மன்ஸ் கார் புதிதாக வாங்குகிறவர்கள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வு நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி வைத்தால் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனால் உச்சவரம்பு 500 ரூபாய். அதற்காக வைக்காதீர்கள், காருக்காக வையுங்கள்.

காப்பீட்டுக்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். ஒன்று இல்லையென்றால் விளக்கம் சொல்லியே வருடம் போகும். காவல் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற அறிக்கையும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ‘உடனே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போது போனது என்றே தெரியாதவனுக்கு உடனே எப்படி வரும்?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி புகாரை மின்னணு வழியில் அனுப்பலாம். அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் இருப்பவர் நேரில் போய்த் தகவல் கொடுத்தாலும் செல்லும்.

ஐந்தாவது: வருடத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? இதற்கு விளக்கம் தேவையில்லை. உண்மையான எண்ணைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | புதிய கார், ஊர் வீட்டு ஷெட் | புதிய கார், நாம் குடியிருக்கும் இடத்தில் | கண்ணில் படாத வேகக் கார் | பழைய அபூர்வக் கார் |
|---|---|---|---|---|
| போனது தெரிய | ஆள் இல்லையென்றால் வாரம், மாதம் | சில மணி நேரம் | சில மணி நேரம் | வைக்கும் இடத்தைப் பொறுத்து |
| பெரிய ஆபத்து | பாகத் திருட்டு, எலி | ரிலே திருட்டு, வாலட் சாவி, வெள்ளம் | முழுக் காரும் போவது | கிடைக்காத பாகங்கள் போவது |
| போனால் இழப்பு | மிக அதிகம் | அதிகம். கூடுதல் காப்பால் குறையும் | குறைவு | ஐ.டி.வி.க்கும் சந்தை விலைக்கும் இடைவெளி |
| மறைந்த செலவு | காவலுக்கு ஆள், கேமரா, பேட்டரி, சரிவு | வரி, எஞ்சின் காப்பு | அதிகமில்லை | சரிபார்ப்பு, பாகம் தேடும் அலைச்சல் |
| யாருக்கு | வீட்டில் நிரந்தரமாக ஆள் உள்ளவர்களுக்கு | தினம் ஓட்டுகிறவர்களுக்கு | தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு | கைவேலை தெரிந்த ரசிகர்களுக்கு |

## ஊர் வீட்டு ஷெட்டில் புதிய கார்

நம் வீடுகளைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால் நடை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று நீண்டு, கடைசிக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். சாவியை வளவில் உள்ள அறைக்குள் வைத்துவிட்டால் தெருவில் நிற்கிறவனின் ரிலே கருவிக்கு அது எட்டாத தூரம். அடுக்குமாடி வீடுகளில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயே சாவிக் கொக்கி இருக்கும். அதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அதே நீளம்தான் எதிரியும். இரண்டு தெருவிலும் வாசல். முன் தெருவில் கேமரா வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் என் கதைதான். வீடு ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு தனிக் குடும்பத்துக்கு, மட்டும் சொந்தமில்லை. ஐந்து பங்காளிகள் இருந்தால் ஐந்து சாவிக் கொத்து இருக்கும். அவர்கள் நம்பிக் கொடுத்த ஆட்களிடமும் இருக்கும். சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டால் ஒரே வாரத்தில் நூறு பேர் உள்ளே வந்து போவார்கள், ஷெட்டில் என்ன நிற்கிறது என்று நூறு பேருக்கும் தெரியும். ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர் போடவும், பொது வளவில் கேமரா மாட்டவும் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். இதை முன்னோரைக் கும்பிடும் படைப்பு நாளில் எல்லோரும் கூடியிருக்கும்போது பேசிவிடுவது நல்லது. போனில் பேசினால் இழுத்துக்கொண்டே போகும்.

காலியான வீடு என்பது எங்கள் பக்கத்தில் ரகசியமே இல்லை. எந்த வீட்டுக்காரர் எந்த நாட்டில், எப்போது வருவார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வந்து இறங்கிய அன்று கார் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, விமான நிலையத்திலிருந்து இன்னொரு படம் போட்டால், டீக்கடையும் தேவையில்லை.

திருடன் வராவிட்டாலும் செலவு வரும். எலி. ஊர் ஷெட்டில் இரண்டு மாதம் நின்ற காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் டாங்கை நிரப்பிவைக்க வேண்டும். பேட்டரி இறங்கும், இறங்கினால் அலாரமும் உறங்கிவிடும். ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டினால் அதுவும் அந்தப் பேட்டரியைத்தான் குடிக்கும். ஆகவே தனிப் பேட்டரி உள்ள டிராக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு சிக்னல் வருகிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். ஆப்பிள் ஏர்டேக்கை இங்கே நம்ப வேண்டாம். பக்கத்தில் போகிற மற்றவர்களின் ஐபோன்கள் வழியாகத்தான் அது இடம் சொல்லும். மத்தியானம் நம் தெருக்களில் ஆள் நடமாட்டமே குறைவு. திருடனிடம் ஐபோன் இருந்தால் அவனுக்கே எச்சரிக்கையும் அனுப்பிவிடும்.

பேட்டரிக்காக வாரம் ஒருமுறை கிளப்பிவிடச் சொல்லிச் சாவியை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவரே நேர்மையானவராக இருந்தாலும் இது தவறு. நம்பிக் கொடுத்த சாவியால் கார் போனால், இது திருட்டா நம்பிக்கை மோசடியா என்று காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப இடமுண்டு. பேட்டரி மெயின்டெய்னர் என்ற சிறு சார்ஜரை மாட்டிவிட்டால் காரைக் கிளப்ப வேண்டிய தேவையே இருக்காது. சாவி இரண்டும் உங்களிடம், அல்லது ஒன்று வங்கி லாக்கரில்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சிமெண்ட் ரோடு மேல் மேலே போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது; ஷெட் வாசல் சரிவில் தாழ்வான கார் அடி தட்டும், கார் வருமுன் சரிவைச் சரிசெய்யுங்கள். கோளாறு வந்தால் திருச்சிக்கோ மதுரைக்கோ ஏற்றிப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் இந்த வழியை நான் ஒதுக்கவில்லை. பின்கட்டில் ஒரு குடும்பம் நிரந்தரமாகக் குடியிருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். தினமும் காலையில் காரைச் சுற்றி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு. போனது தெரிய ஆகும் நேரம் நான்கு மாதத்திலிருந்து ஒரு நாளுக்குச் சுருங்கிவிடும். அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும் மாதப் பணத்தைக் காரின் விலையோடு சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீலுக்கும் பூட்டு போல்ட் போடுங்கள். ஷெட்டுக்குள்ளும் பின் கதவுக்கும் ஒவ்வொரு கேமரா, சிம் போட்ட ரவுட்டர், கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

## நாம் குடியிருக்கும் இடத்தில் புதிய கார்

தினமும் காலையில் ஏறி உட்காரும் காரை யாரும் நான்கு மாதம் கவனிக்காமல் விட முடியாது. இதுதான் இந்த வழியின் முழு பலம்.

சென்னை அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சாவி வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கக் கூடாது. கல்யாண மண்டபத்திலும் ஹோட்டலிலும் காரை நிறுத்தித் தரும் வாலட் ஆளிடம் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். காரையே வரவேற்பு விழா முடியும்வரை யாரோ ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். ஆனால் சென்னையில் எனக்குத் திருடனைவிடத் தண்ணீர்தான் பயம். என் நட்பு வட்டத்தில் சென்னையில் திருட்டுக் கொடுத்தவர் ஒருவருமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்கில் காரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் பாதுகாப்புக் காப்பை எடுத்துவிட்டு, மழை எச்சரிக்கை வந்தால் காரை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

காரில் ஊருக்கு வந்தால் பயமில்லையா என்று தேவகோட்டை நண்பர் கேட்டார். நாம் வருவதே திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த நாட்களில் தெரு முழுக்க வீடு திறந்திருக்கும், முகப்பில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வருடத்திலேயே நம் தெருவில் கார் பத்திரமாக இருக்கும் நாட்கள் அவைதான். வழியில் லாட்ஜில் தங்கும் இரவில் ஸ்டீயரிங் பூட்டைப் போட மறக்காதீர்கள்.

காரைக்குடியிலேயே வாழ்கிறவர்களுக்கு இன்னும் வசதி. சென்னைத் தண்ணீர்ப் பயம் இல்லை, அக்கம்பக்கத்துக்காரர்கள் காரை அடையாளம் வைத்துப் பார்ப்பார்கள். இந்த ஊரில் ஒரு எம்340ஐ நூறடி ரோட்டில் இரவு ஒரு மணிக்குப் போனால் காலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

## கண்ணில் படாத வேகக் கார்

ஸ்லாவியா, விர்டஸ் இவற்றின் 1.5 டர்போ 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஐ20 என் லைன் 120. வெளியே பார்த்தால் சாதாரணக் கார். திருமயம் ரோட்டில் ஒரு லாரியை முந்த 150-க்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை என்பது என் அனுபவம்.

‘சாதாரணமாகத் தெரிவதால் திருட மாட்டார்கள்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். முன்னால் சொன்ன இரண்டு வழிக்கும், எண்ணிக்கையில் அதிகம் ஓடும் கார்தான் திருடனுக்குச் சௌகரியம். முழுசாகப் போகும் வாய்ப்பு கோல்ஃபைவிட இதற்குத்தான் அதிகம் என்பேன். போனால் இழப்பு குறைவு, அவ்வளவுதான். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு வரி 18 சதவீதம். பாகம் எங்கும் கிடைக்கும். தெருவில் நிறுத்திவிட்டு மனம் பதறாமல் கடைக்குள் போகலாம். ஷெட்டே இல்லாமல் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## பழைய அபூர்வக் கார்

2016-ல் வந்த போலோ ஜிடிஐ: இரண்டு கதவு, 192 குதிரைத்திறன். 2017 ஆக்டேவியா ஆர்எஸ்: 230. அபார்த் புன்டோ. தேய்மானத்தை முதல் உரிமையாளர் சுமந்துவிட்டார். ஓட்டும் சுகம் அப்படியே இருக்கிறது. என் மனம் இன்றும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் காப்பீட்டுக் கணக்கு இங்கே வேறு. ஐந்து வயதைத் தாண்டிய காரின் ஐ.டி.வி.யை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ரசிகர்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை அவர்கள் எழுத மாட்டார்கள். முதல் சில வருடங்களுக்கு மட்டும் கிடைக்கும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ காப்பும் இல்லை. பாகம் போனால் பணமிருந்தாலும் பொருள் கிடைக்காது. ஃபியட் நம் நாட்டில் கடையைக் கட்டிய பிறகு என் அபார்த் வீலுக்காக இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் தன் காரை விற்கும்போது கழற்றி வைத்திருந்ததை வாங்கினேன்.

இன்னொரு ஆபத்தை யாரும் நினைப்பதில்லை: நீங்கள் வாங்கும் காரே திருட்டுக் காராக இருக்கலாம். சேசிஸ் எண் அடித்த இடத்தைச் சுற்றி வெல்டிங்கோ புதுப் பெயிண்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்.சி. விவரத்தை எம்பரிவாஹன் என்ற அரசு செயலியில் சரிபாருங்கள். கடன் முடிந்ததற்கு வங்கியின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். இரண்டு சாவியும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய வாரமே சர்வீஸில் சொல்லி, கையில் இல்லாத சாவி ஏதும் காரின் நினைவில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

வாங்காமலே ஆசை தீருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும், இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் பயிற்சி நாட்களில் ஓட்டலாம். சொந்தக் காரைக் கொண்டுபோனால் பந்தய ஓட்டத்தில் நேரும் சேதம் வழக்கமான பாலிசியில் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

## மூவருக்கும் நான் சொன்னது

டாக்டரம்மாவிடம் எம்340ஐ வாங்கச் சொன்னேன். கார் பகல் முழுக்கக் கிளினிக் ஜன்னலுக்கு எதிரே நிற்கும்; இரவு போர்டிகோவில், மாமியார் தூங்கும் அறைக்கு அடுத்து. மூவரில் திருட்டுக்கு அதிகம் பயந்தவர் அவர்தான், ஆனால் காணாமல் போனால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடியவரும் அவர்தான். மூன்று வருடம் வீணாகத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று வருத்தமாக இருந்தது.

தேவகோட்டை நண்பர் ஆர்எஸ் வாங்கலாம், ஆனால் அவர் குடியிருப்பின் அடித்தளம் பள்ளத்தில் இருக்கிறது. மேல்தளத்தில் ஒரு பார்க்கிங் இடத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் வாங்கச் சொன்னேன். சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறார்.

தம்பியிடம், “அப்பச்சி கேட்டது சரிதான்டா, ஆனா அது காரைப் பத்தி இல்ல, வீட்டைப் பத்தி” என்றேன். பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் ஓடு உடைந்து கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்து ஒரு குடும்பத்தை வைக்காமல் காரைக் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தான். ஓடு மாற்றி முடிந்துவிட்டது, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயா காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் பேரன் மனைவி மக்களோடு தை பிறந்ததும் குடிவருகிறார். பின் தெருக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடச் சொல்லி ஆசாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.